பிடிக்குண்டு: இல்லத்திற் பயிலுதற்குரிய ஓர் உடற்பயிற்சி

நிறுத்தற் கருவியொன்று உடற்பயிற்சிக் கருவியாக மாறிய வரலாறு சுவையுடையது. உருசிய நாட்டுச் சந்தைகளிலே தானியம் நிறுக்கும் வணிகர் வார்ப்பிரும்பினாலாய படிக்கற்களை வழங்கினர். எடுத்து வைப்பதற்கு எளிதாகும் பொருட்டு அவற்றின் தலையிலே வளைந்த பிடியொன்று அமைந்திருந்தது. அக்கல்லினை அந்நாட்டார் 'கீர்யா' என அழைத்தனர். அதன் நிறையைப் 'பூட்' என்னும் அளவையாற் குறித்தனர். ஒரு பூட் 16.38 கிலோகிராம் ஆகும். சந்தை கலைந்த பின்னர், கல்லை யார் மிகுதியாகத் தூக்குவார் என இளைஞர் தம்முட் போட்டியிடுதல் எந்நாட்டிற்கும் இயல்பே. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இளவட்டக்கல் தூக்கியோரை நினைவுகூர்வார்க்கு இஃது எளிதில் விளங்கும்.

ஆங்கிலத்தில் இக்கருவியைக் 'கெற்றில்பெல்' என்பர். கேத்திலின் பிடிபோன்ற பிடியும் உருண்ட உடலும் உடைமையால் அப்பெயர் பொருந்துவதாயிற்று. தமிழில் இதற்கெனப் பெயர் நிலைபெறாமையின், இக்கட்டுரையிற் 'பிடிக்குண்டு' என்றே வழங்குவாம். சிறந்த பெயர் காண்பார் கண்டு வழங்குக.

சந்தைப் பொருளாகிய இதனை முறையான பயிற்சிக்குரியதாக உயர்த்தியவருள் முதன்மையானவர் விளாடிசிலாவ் கிரயெவ்ஸ்கி என்னும் மருத்துவர். அவர் 1885ஆம் ஆண்டிற் சென் பீற்றர்ஸ்பேக் நகரிலே பளுத்தூக்குவோர் குழுவொன்றை நிறுவினார். பின்னாளில் மற்போரிற் பெரும்புகழ் எய்திய ஜோர்ஜ் ஹக்கென்ஷ்மிற் 1898இல் அவரிடம் பயின்றவரே. அதன்பின் நூறாண்டு கழிந்து, 1985இல், சோவியத்து ஒன்றியத்தின் முதலாவது நாடளாவிய பிடிக்குண்டுப் போட்டி லிப்பெற்ஸ்க் நகரில் நடைபெற்றது. குண்டினைக் கீழே வையாது எத்தனை முறை உயர்த்துகின்றனர் என எண்ணுவதே அப்போட்டியின் முறை. மின்ஸ்க் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பவெல் சத்சூலின் 1998இல் எழுதிய கட்டுரையும் 2001இல் வெளியிட்ட நூலுமே மேனாட்டார் கருத்தை இதன்பால் திருப்பின. இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உடற்பயிற்சிக் கூடங்களில் இது காணப்படுகின்றது. ஆயின் ஒரு மூலையிற் கிடப்பதே பெரும்பான்மை.

வரலாறு நிற்க. இதனை நாம் ஆராய்தற்குக் காரணம் வேறு. நாற்பது அகவை கடந்த ஆசிரியர், எழுதுவினைஞர், கடைக்காரர், இல்லத்தரசியர் ஆகியோரை நோக்குமின். கை கால்கள் மெலிந்திருக்க, வயிறு மட்டும் முன்தள்ளிய தோற்றமே பெரும்பாலும் காணப்படும். பார்வைக்குப் பருமனல்லாதாரும் இதற்கு விலக்கல்லர். ஆசிய மக்களுக்கு ஏனையோரிலும் குறைந்த உடற்பருமனிலேயே சலரோகமும் இருதய நோயும் நேர்கின்றன என்பதனால், உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு 2004இல் உடற்றிணிவுச் சுட்டெண் 23 என்பதனையே எச்சரிக்கை எல்லையாக வகுத்தது. தென்னாசியருள் ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரும் பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றரும் இடைச்சுற்றளவின் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. அளவு நாடா ஒன்றெடுத்து இன்றே அளந்து பார்க்கலாம். பலர் அளந்து பார்ப்பதில்லை. அளந்தபின் மறந்துவிடுவோர் வேறு பலர்.

ஓடலாமே, நடக்கலாமே என்பார் உளர். உண்மையே, நடத்தலுக்கு நிகரான எளிய பயிற்சி பிறிதில்லை. எனினும் 2020ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை, கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரையிலான மிதமான இயக்கத்தோடு, இரண்டு நாளாயினும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கின்றது. நடையால் அப்பிற்பகுதி நிறைவுறாது. அன்றியும், விடியற்காலை வீதியில் ஓடுதல் நம் பெண்டிர் பலர்க்கு இன்றும் எளிதாக அமையவில்லை. அதற்குரிய காரணத்தை ஈண்டு விரிப்பிற் பெருகும். வீட்டு முற்றத்திலோ விறாந்தையிலோ ஆறடிச் சதுர இடத்தில், இருபது நிமிடத்தில், ஒரேயொரு கருவியால் இருவகைப் பயனையும் பெறுதல் கூடுமாயின் அதனை அறிந்துகொள்ளுதல் தக்கதே.

இக்கருவியின் தனித்தன்மை அதன் வடிவிலுள்ளது. சாதாரணக் கைப்பளுவில் (அதனைத் 'தம்பல்' என்பர்) நிறை கையின் இருபுறமும் சமமாகப் பகிர்ந்து நிற்கும். ஈர்ப்புமையம் உள்ளங்கையிலேயே அமையும். பிடிக்குண்டிலோ ஈர்ப்புமையம் பிடிக்குப் புறம்பே, சில அங்குலம் தள்ளி நிற்கின்றது. ஆதலின் அஃது ஊசல்போல ஆடவல்லது. ஆடும் பொருளைச் செலுத்துதற்கும் மீண்டும் தடுத்து நிறுத்துதற்கும் உடலின் பெருந்தசைகள் யாவும் ஒருங்கே தொழிற்பட வேண்டும். பெருந்தசைகள் தொழிற்படின் இருதயமும் விரைந்து தொழிற்படும்.

எவ்வளவு விரைவு என்பதனையும் அளந்துள்ளனர். 2010இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்விற் கல்லூரி ஆடவர் பதின்மர் 16 கிலோகிராம் குண்டினைப் பன்னிரண்டு நிமிடம் இயன்றளவு ஆட்டினர். சராசரி 265 முறை ஆட்டினர். இருதயத் துடிப்பு உச்ச அளவின் நூற்றுக்கு 87 பங்கினை எட்டியது. ஒட்சிசன் நுகர்ச்சி உச்ச அளவின் 65 பங்காக இருந்தது. 2011இல் வெளிவந்த தென்மார்க்கு நாட்டு ஆய்வு நமக்கு இன்னும் நெருங்கியது. கழுத்து, தோள், நாரி ஆகியவற்றில் நோவு மலிந்த தொழில்களிலுள்ள நாற்பதின்மரை எடுத்துக்கொண்டனர், சராசரி அகவை 44, பெரும்பாலார் பெண்டிர். அவருள் ஒரு பாதியினர் கிழமைக்கு மூன்று நாள், நாளொன்றுக்கு இருபது நிமிடமாக எட்டுக் கிழமை பயின்றனர். கழுத்து, தோள் நோவும் நாரி நோவும் குறைந்தன. முதுகின் வலிமை கூடிற்று. ஆயின் ஒட்சிசன் நுகர்திறன் கூடவில்லை. குண்டு விற்போர் இப்பிற்கூற்றைச் சொல்லாது விடுவர். யாம் சொல்லிவைத்தல் முறை. ஓடுவோர் பெறும் மூச்சுத்திறனை முழுவதும் இது தந்துவிடும் என எதிர்பார்த்தலாகாது; நடையையும் கைவிடலாகாது.

இனிப் பயிற்சிக்கு வருவாம். முதற்கண், யார் இதனைத் தொடலாகாது என்பது கூறவேண்டும். கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமுடையார், மார்பு நோவுடையார், குடலிறக்கமுடையார், அண்மையில் அறுவைச் சிகிச்சை பெற்றார், கருவுற்றார், கால்வழியே இறங்கும் நாரி நோவுடையார், சலரோகத்தாற் கண்ணின் விழித்திரை பழுதுற்றார் ஆகியோர் மருத்துவர் உடன்பாடின்றித் தொடங்குதல் தகாது. இன்சுலின் முதலிய மருந்து கொள்வோர் வெறுவயிற்றிற் பயிலின் குருதியிலுள்ள வெல்லம் அளவிறந்து தாழக்கூடும். அவரும் மருத்துவரை வினவுக.

குண்டு தெரிவதில் ஆசை கூடாது; அச்சமும் கூடாது. உடல்நலமுள்ள ஆடவர் 12 அல்லது 16 கிலோகிராமும், பெண்டிர் 8 கிலோகிராமும் கொண்டு தொடங்கலாம். அறுபதை அணுகியோர்க்கு 6 கிலோகிராமும் போதும். மிக இலேசாயின் தோளாலேயே தூக்கிவிடலாமாதலின், பிட்டத்தையும் தொடையையும் பயன்படுத்தக் கற்கவே முடியாது போம். ஒரே வார்ப்பாகிய இரும்புக் குண்டே நன்று. பிளாத்திக்கு உறையினுட் சீமெந்து நிரப்பியவை மலிவாயினும் பருத்திருத்தலின் தொடைகளிடையே செல்ல இடர்ப்படும். பிடியைத் தடவிப் பார்த்து, வார்ப்பின் விளிம்பு கூராக நீட்டியிருப்பின் வாங்காது விடுக. வாங்க இயலாதார் முதலிரு கிழமைப் பயிற்சியை ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கானைக் கொண்டே செய்யலாம். ஆயின் கானை ஆட்டுதல் கூடாது. அதன் பிடி கழன்று பறந்தால் அண்டை வீட்டார் பொறுப்பதற்கில்லை.

இப்பயிற்சி முழுவதற்கும் அடிப்படை ஒன்றே. அஃது இடுப்புமூட்டில் மடிதல். இதனைச் செவ்வனே கற்றார்க்கு ஏனையவெல்லாம் எளிது. கல்லாதார்க்கு நாரி நோவே எச்சம். ஆதலின் இதனைச் சிறிது விரித்துரைப்பாம்.

கீழே கிடக்கும் பொருளை எடுக்கும்போது நம்மிற் பலர் முதுகினை வில்லாக வளைக்கின்றனர். துலாவினை நோக்குக. துலாமரம் ஏறும், இறங்கும், ஆயின் மரம் வளைவதில்லை, அச்சிலேதான் திரும்புகின்றது. முள்ளந்தண்டு துலாமரம், இடுப்புமூட்டு அதன் அச்சு. மரம் வளையாது அச்சுத் திரும்புமாறு உடலைத் தாழ்த்துதலே ஈண்டுக் கற்கவேண்டியது. சுவருக்கு முதுகு காட்டி, ஓர் அடி தள்ளி நிற்க. முழங்காலைச் சிறிதே நெகிழ்த்து, பிட்டத்தைப் பின்னே செலுத்திச் சுவரைத் தொடுக. இரு கைகளிலும் பொருளிருக்கும்போது படலையைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துகிறோம் அன்றோ, அச்செயலே இது. தொட்டதும் நிமிர்க. பின்னர் அரையடி முன்னே சென்று மீண்டும் செய்க. தொடையின் பின்புறத்திலே நாண் இழுத்தாற்போன்ற உணர்ச்சி தோன்றின் முறை சரி. நாரியில் உளைவு தோன்றின் முறை பிழை. தும்புத்தடி ஒன்றை முதுகின்மேல் நெடுக வைத்து, பின்தலை, மேல்முதுகு, வால்எலும்பு ஆகிய மூன்றிடமும் அதிற் பட்டவாறே மடிந்து நிமிர்தல் மற்றொரு சோதனை. மூன்றுள் ஒன்று விலகினும் முதுகு வளைந்தது என்றறிக. முழங்கால் முன்னே ஓடுமாயின் அது குந்துதலாகும், மடிதலாகாது.

இது பழகியபின் குண்டினை இரு பாதங்களுக்கும் நடுவே, கணுக்கால்களுக்கு நேரே வைத்து, அவ்வாறே மடிந்து பற்றி, மூச்சை உள்ளடக்கி வயிற்றை இறுக்கி, நிலத்தைக் காலால் மிதித்துத் தள்ளுவார்போல எழுந்து நிற்க. நின்றதும் மூச்சினை விடுக. இஃது எடுத்துநிற்றல். பத்துமுறை செய்து ஓய்க. முதலிரு கிழமைக்கு இதுவே போதும். உடன், குண்டினை மார்பின்முன் இரு கையாலும் ஏந்தி ஆழக் குந்தி எழுதலையும் ஐந்தைந்து முறை செய்யலாம். டான் ஜோன் என்னும் அமெரிக்கப் பயிற்றுநர் பரப்பிய இம்முறை, நாற்காலிக்கு அடிமையாகிக் குந்த மறந்த முழங்கால்களுக்கு நல்லது. குந்தியிருந்து தேங்காய் துருவும் பழக்கமுடையார்க்கு இதிற் புதுமை யாதுமில்லை.

மூன்றாங் கிழமையில் ஆட்டுதல் தொடங்கலாம். குண்டினைப் பாதங்களுக்கு ஓர் அடி முன்னே வைக்க. தோளகலத்திற் சற்று மிக்க அகலத்திற் கால் பரப்பி, மடிந்து இரு கையாலும் பிடியைப் பற்றி, குண்டினைத் தம்பாற் சாய்க்க. பின்னர் அதனைத் தொடைகளிடையே பின்னோக்கி விசைந்து இழுக்க. முன்கைகள் உள்தொடையைத் தொடுதல் வேண்டும். குண்டு முழங்காலுக்குக் கீழே இறங்கலாகாது. உடனே பிட்டத்தை இறுக்கி விரைந்து நிமிர்க. அந்நிமிர்வின் விசையாற் குண்டு தானே முன்சென்று மார்பளவு எழும். கைகள் கயிறு மாத்திரமே, தூக்குவது கைகளல்ல. உச்சியில் உடல் பனைபோல் நேர்நிற்க வேண்டும். பின்னே சாய்தல் தவறு. மூச்சினை அவ்விடத்தே 'உஸ்' என விடுக. குண்டு விழத் தொடங்கியதும் முந்திக்கொண்டு மடிதல் கூடாது. கைகள் உடலை வந்தடையும்வரை காத்து நின்று, பின்னர் மடிக. இக்காத்திருத்தலே புதியோர்க்கு அரிது. பத்து முறை ஆயினதும், கடைசி முறை பின்சென்ற குண்டினை முன்னே கொணர்ந்து மெல்ல நிலத்தில் வைக்க. வைக்கும்போதும் முதுகு நேராயிருத்தல் வேண்டும். விபத்துக்கள் பல, பயிற்சி முடிந்ததென மனம் நெகிழும் இவ்விடத்திலேயே நிகழ்கின்றன.

குண்டினைத் தலைக்குமேல் ஆட்டும் முறையும் உண்டு. தோள்மூட்டு இறுகிய நடுத்தர அகவையினர்க்கு அது வேண்டா.

இங்கே ஓர் ஐயம் எழும்: நாரி நோவுள்ளார்க்கு இது நன்மையா தீமையா? கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலே முள்ளந்தண்டினை ஆராய்ந்த பேராசிரியர் ஸ்ருவேட் மக்கில் 2012இல் வெளியிட்ட ஆய்வில், குண்டினை ஆட்டுங்கால் கீழ்முதுகில் உண்டாகும் சறுக்கு விசை, வழமையான பளுத்தூக்கலில் உண்டாவதற்கு எதிர்த்திசையிற் செல்வதைக் கண்டார். ஆகவே பளுத்தூக்கும்போது நோவில்லாதார் சிலர்க்கு ஆட்டும்போது நோவு தோன்றலாம். எட்டுக் கிழமையில் நோவு குறைந்த தென்மார்க்கரை மேலே கண்டோம். ஒருவர்க்கு நன்றென்பது மற்றவர்க்கும் நன்றாதல் உறுதியன்று. நோவு தோன்றின் அன்றே நிறுத்தி, மடிதற் பயிற்சிக்கே மீள்க. அதிலும் நோவு உண்டாயின் மருத்துவரிடம் செல்க.

கிழமைக்கு மூன்று நாள், இடையே ஒரு நாள் ஓய்வுடன் பயிலுதல் சாலும். ஐந்து நிமிடம் மடிதலும் குந்துதலுமாக உடலைச் சூடாக்கி, பின்னர்ப் பத்துமுறை ஆட்டி ஓய்க. எவ்வளவு ஓய்வு என வினவின், அடுத்திருப்பாரோடு இடையறாது ஒரு வாக்கியம் பேச இயலும்வரை என்க. முதலில் ஐந்து தடவை. கிழமைக்கு ஒரு தடவை கூட்டிப் பத்துத் தடவையாக்குக. நூறு ஆட்டு நிறைவாயிற்று. களைப்பால் முறை தவறத் தொடங்கின் எண்ணிக்கை குறைந்திருப்பினும் அன்று நிறுத்துக. முறை தவறிய ஆட்டுக்கள் கணக்கிற் சேரா. நம் நாட்டு வெப்பத்திற்கு விடியற்காலையே தக்கது. வெறுங்காலோடு, மணல் முற்றத்தில் நிற்றல் மிக நன்று. குண்டு விழினும் நிலம் பிளவாது. எண்ணெய் முழுக்காடிய நாளிற் பயிலற்க. குழந்தைகளும் கோழிகளும் முன்னே வாராதபடி பார்த்துக்கொள்க.

இனிக் கொழுப்புக் கரைதல் பற்றிக் கணக்கிடுவாம். பலர் இதற்கெனவே தொடங்கிச் சில கிழமையில் மனமுடைந்து விடுவதனால் இக்கணக்கு முக்கியமானது. 2010இல் அமெரிக்க உடற்பயிற்சி மன்றம் செய்வித்த ஓர் ஆய்வினைக் காட்டி, நிமிடத்திற்கு 20 கலோரி எரியும் என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. அவ்வாய்விற் பங்குகொண்டோர் பிடிக்குண்டிற் பழகித் தேர்ந்தவர். கடுமையான ஒரு முறையை இருபது நிமிடம் செய்தவர். புதியவர்க்கு அது பொருந்தாது. முன்கூறிய பன்னிரண்டு நிமிட ஆய்வின்படி நோக்கின், 70 கிலோகிராம் எடையுள்ளார்க்கு நிமிடத்திற்கு ஏறக்குறையப் 12 கலோரி செலவாகும். இடையிடையே ஓயும் புதியவர் இருபது நிமிடத்தில் 100 முதல் 150 கலோரி செலவிடுவார் எனக் கொள்ளலாம். கிழமைக்கு 300 முதல் 450. ஒரு கிலோகிராம் கொழுப்பிழையம் ஏறத்தாழ 7,700 கலோரி கொண்டது. ஆகவே பயிற்சியால் மாத்திரம் ஒரு கிலோகிராம் குறைய நான்கு முதல் ஆறு திங்கள் செல்லும்.

மறுபுறம், நாளொன்றுக்கு ஐந்து தேநீர் அருந்தி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி இடுவாரை எடுத்துக்கொள்வோம். தேக்கரண்டி ஒன்றுக்கு 16 கலோரி, ஆகவே நாளுக்கு 160, கிழமைக்கு 1,120. பயிற்சியினால் எரிவதைப்போல் இரண்டரை மடங்கிற்கு மேற்பட்டது தேநீர்க் கோப்பையின் அடியிலே கிடக்கின்றது! சீனியை விடுத்துக் குண்டினையும் எடுப்பின் கிழமைக்கு ஏறத்தாழ 1,500 கலோரி; ஐந்து கிழமைக்கு ஒரு கிலோகிராம். உடல் மெலியுந்தோறும் இவ்வேகம் தணியும் என்பதனையும் அறிக. வயிற்றுக்குரிய பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பே முதலிற் கரையும் என்பது வெறும் நம்பிக்கை. எவ்விடத்துக் கொழுப்பு முன்னர்க் குறையும் என்பது நம் விருப்பில் இல்லை.

அற்றேல் உணவைக் குறைத்தாலே போதுமே, இரும்பைச் சுமப்பானேன் எனின், கூறுதும். உணவை மட்டும் குறைப்பவர் கொழுப்போடு தசையையும் இழக்கின்றனர். அகவை முதிருந்தோறும் தானே தேயும் தசையை மேலும் தேய்ப்பது நட்டம். பருப்பு, கடலை, மீன், முட்டை, தயிர் என அவரவர் உண்பனவற்றிற் புரதத்தைக் கூட்டி, பளுவோடு பயில்வார்க்குத் தசை பெரும்பாலும் எஞ்சும். சலரோகத்தை அஞ்சுவார்க்கு இன்னொரு செய்தி: சுருங்கி விரியும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே குருதியிலிருந்து குளுக்கோசை உள்ளிழுக்கவல்லது. உடலின் மிகப்பெருந் தசைகளாகிய பிட்டத்தையும் தொடையையும் நூறுமுறை இயக்குதல் ஆண்டுப் பயன்படுகின்றது. ஆதலின் தராசு முள்ளையே நோக்கியிராது, திங்களுக்கொருமுறை இடைச்சுற்றளவை அளந்து குறித்து வருதல் அறிவுடைமை. எடை மாறாதிருப்பவும் நாடா இரண்டு விரல் தளர்வதுண்டு.

கைகளிற் காய்ப்பு உண்டாகும். அது கிழியாதிருக்கப் பிடியை உள்ளங்கை நடுவிற் பற்றாது விரல்களின் அடியிற் பற்றுக. குளித்தபின் தோல் மென்மையாயிருக்கும்போது காய்ப்பினைக் கல்லால் தேய்த்து மட்டமாக்குக. நூறு ஆட்டினையும் பேச்சுத் தடையின்றி, பத்து நிமிட அளவில், மூன்று கிழமை தொடர்ந்து முடித்தார் அடுத்த குண்டிற்குச் செல்லலாம்: 8 கொண்டார் 12க்கும், 12 கொண்டார் 16க்கும். அவ்வாறு செல்லுங்கால் ஆட்டினை மீண்டும் ஐம்பதாகக் குறைத்துத் தொடங்குதல் வேண்டும். பழைய குண்டினை விற்றுவிடற்க. வீட்டில் இன்னொருவர்க்கு அது முதற்குண்டாகும்.